சபாஷ் சாரும் ஒரு பெயிண்ட் டப்பாவும்

என் சித்தப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் சபாஷ் சார். யாராவது கீழே போட்ட பென்சிலைத் தாமே குனிந்து எடுத்தால்கூட, "சபாஷ்! என்ன முயற்சி!" என்பார். பிள்ளைகளுக்கு இது புரிய இரண்டு வகுப்புகூட ஆகவில்லை. அதன்பிறகு அவர் வகுப்பில் பென்சில்கள் மழை மாதிரி விழுந்தன.

அவர் ஆசிரியருக்குப் படித்தவர் இல்லை. பதினோரு வருடம் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலந்தவர். ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர், "இவ்வளவு அழகா பேசுறீங்க, நீங்க போய் இந்த டப்பாக்களுக்கு நடுவுல இருக்கீங்களே," என்று சொல்லிவிட்டார். விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் எல்லோரும் சொல்வதுதான் அது. சித்தப்பா அதை நம்பினார். அந்த வாரமே முதலாளியிடம், "என் வளர்ச்சிக்கு இந்தக் கடை போதாது," என்று நின்றபடி ஒரு சிறு உரை நிகழ்த்திவிட்டு வெளியே வந்தார். முதலாளி மீதி உரையைக் கேட்காமல் உப்புத்தாள் எண்ணப் போய்விட்டார்.

பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றார். பிறகு காப்பீடு. பிறகு படுத்தால் முதுகுவலி போகும் என்ற காந்த மெத்தை. மெத்தையை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். இப்படி எட்டு வருடம் ஓடிய பிறகு ஒரு ஹோட்டல் அறையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். 'குழந்தைகள் தன்னம்பிக்கைப் பயிற்றுநர்' என்று ஒரு சான்றிதழோடு திரும்பினார். அதை லாமினேட் செய்ய அவர் காட்டிய அவசரத்தைச் சித்தியைப் பெண் பார்க்கப் போனபோதுகூடக் காட்டியதில்லை என்று சித்தி சொல்வார்.

பயிற்சியில் கொடுத்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அப்போது நான் வேலைக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்ததால், அதைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. கையேட்டில் தப்பாக ஒன்றும் இல்லை. பிள்ளை 'எனக்கு வராது' என்று சொன்னால், 'இன்னும் வரவில்லை, பழகினால் வரும்' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். மூளையைப் புகழாதீர்கள், முயற்சியைப் புகழுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளே ஒரு குரல் இருக்கிறது, அது நல்லதாகப் பேசட்டும். யாருக்கு ஆட்சேபணை இருக்க முடியும்? உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அதைச் சொல்லித்தரச் சித்தப்பா கிளம்பினார் என்பதுதான் எங்கள் வீட்டுக் கவலை.

சித்தி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். நரம்பு கிடைக்காத கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருப்பார். சித்தப்பாவிடமும் அதே பொறுமைதான், கையில் ஊசி இருப்பவரின் பொறுமை.

"இது அஞ்சாவது வேலை," என்றார் சித்தி, சீருடையை மடித்தபடி. "ஆறாவது ஒண்ணு மனசுல இருந்தா என்கிட்ட சொல்ல வேண்டாம். பெயிண்ட் கடையில இன்னும் ஆள் தேடுறாங்களாம்."

"அங்கயா? அந்த மனுஷன் முன்னாடி போய் நிக்கவா? அதுக்கு நான்..."

"நான் ஒண்ணும் சொல்லல. இது நல்லா போனா போகட்டும். போகலன்னா மறுநாள் காலைல கடைக்குப் போயிடணும். பேச்சு இவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பருவத்துக்கு மட்டும், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு, புதன்கிழமைகளில். தலைமை ஆசிரியையை அங்கே எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பருவம் முடியறப்ப பெற்றோர் கூட்டத்துல செஞ்சு காட்டுங்க. அவங்களுக்குப் பிடிச்சா உங்களை நிரந்தரமா எடுத்துக்கறோம். இல்லன்னா அந்தப் பீரியட் மறுபடியும் கையெழுத்துப் பயிற்சிக்குப் போயிடும்."

ஆக, பெற்றோர் கூட்டம்தான் அவருடைய பரீட்சை. அதற்கு அவர் தயாரான அளவுக்கு எந்தப் பிள்ளையும் எந்தப் பரீட்சைக்கும் தயாராகியிருக்காது.

வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினார். 'நான் திறமைசாலி. நான் தினமும் வளர்கிறேன்.' தினமும் காலையில் அதற்குக் கீழே நின்றுதான் சவரம் செய்வார். சவரக்கத்திக்கு இந்த வளர்ச்சியெல்லாம் தெரியாது. வாரத்தில் நான்கு நாளாவது தாடையில் கீறிவிடும். உடனே கதவு வழியாகக் குரல் வரும்.

"டப்பா மண்டை! டப்பா மண்டை! ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதாடா உனக்கு? உனக்கெல்லாம் எதுக்குடா ரெண்டு கை?"

பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு பஞ்சு ஒட்டிய தாடையும் புன்சிரிப்புமாக வெளியே வருவார்.

ஒருநாள் கேட்டேன். "சித்தப்பா, உள்ளே யாரோடயோ சண்டை போட்டீங்களே?"

"சண்டையா? கண்ணாடில ஒட்டினதைப் படிச்சேன்மா. சத்தமா படிச்சாதான் மனசுல ஏறும்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. சட்டை பொத்தான் மாறிப்போனாலும், சாவியை வைத்த இடம் மறந்தாலும், தேநீர் சிந்தினாலும் அதே டப்பா மண்டைதான் வரும், வந்த சுவடு இல்லாமல் போய்விடும். சித்திக்கும் எனக்கும் பழகிவிட்டது. அவர் மகள் பொடிசு வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு, தன் முறைக்காகக் குளியலறை வாசலிலேயே தினமும் நின்றிருப்பாள். ஒன்பது வயது. அதே பள்ளியில், அப்பாவின் வகுப்பிலேயே, நான்காம் வகுப்பு. அதிகம் பேச மாட்டாள். கேட்பாள்.

வகுப்பில் சித்தப்பாவின் பெரிய ஆயுதம் ஒரு நாலு லிட்டர் பெயிண்ட் டப்பா. பழைய கடையிலிருந்து வந்ததுதான். லேபிளைச் சுரண்டிவிட்டு, சிவப்பில் 'குப்பைக் குரல்' என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் கேட்கும் மோசமான வாக்கியத்தை ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பிறகு ஒரு மஞ்சள் சீட்டில் நல்ல வாக்கியம் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வெள்ளைச் சீட்டை ஆசிரியர் படிக்கவே கூடாது, படித்தால் அதற்குப் பலம் வந்துவிடும் என்பது கையேட்டின் கட்டளை. கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கிழித்துப் போட வேண்டும்.

இதில் சித்தப்பா சொந்தமாக ஒரு விதி சேர்த்தார். நிறம் கலப்பவரின் விதி அது. மாதிரி சரியாக இல்லாவிட்டால் நிறம் சரியாக வராது.

"உள்ளே எந்த வார்த்தைல கேக்குதோ, அதே வார்த்தைல எழுதணும். அழகுபடுத்தக் கூடாது. திருத்தக் கூடாது."

"கெட்ட வார்த்தையா இருந்தா சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "முதல் எழுத்து மட்டும். சபாஷ், நல்ல கேள்வி."

பருவம் நன்றாகவே போனது, மற்ற ஆசிரியர்களைத் தவிர. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை கணக்கு டீச்சரிடம் போய், "இன்னும் செய்யல டீச்சர், செய்யறதை நோக்கி வளர்ந்துட்டிருக்கேன்," என்றது. பக்கத்துப் பெண்ணின் கையைக் கடித்த பையன், பல் தடம் ஆழமாக விழாததைக் காட்டி, "என் முயற்சியைப் பாருங்க," என்றானாம். கணக்கு டீச்சர் பெரிய மேடத்திடம் போனார். பெரிய மேடம், "பெற்றோர் கூட்டம் வரைக்கும் பொறுங்க," என்றார்.

கூட்டம் நடந்த சனிக்கிழமை காலையில் டப்பாவைத் தூக்கிவரும் பொறுப்பு என்னுடையது. மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப். பள்ளி வாசலில் எனக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் அம்மா மகனின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன் வலிக்காது என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

"எத்தனை தடவை சொல்றது? உனக்குப் பதிலா ஒரு செடி வளர்த்திருக்கலாம். பூவாவது பூத்திருக்கும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தன்னம்பிக்கை கிளாஸ்னா இவனுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அரங்கில் நாற்பது பெற்றோர் இருந்தார்கள். பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். 'நான் தைரியசாலி.' 'தவறுகள் என் நண்பர்கள்.' 'என்னால் முடியும்.' கையெழுத்தைத் தவிர எல்லாம் ஒன்று போலவே இருந்தன. மேசையில் டப்பா. அதன் பக்கத்தில், அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிய தாள் கிழிக்கும் இயந்திரம். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில், தாடையில் பஞ்சு இல்லாமல் நின்றார். பேச்சும் நன்றாக இருந்தது. சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். இயந்திரத்தை இயக்கப் போகும்போது, மோட்டார் சைக்கிள் ஷோரூம் வைத்திருப்பவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"சார், மஞ்சச் சீட்டெல்லாம் பிரமாதம். ஆனா முன்னாடி எப்படி இருந்ததுன்னு தெரியாம, இப்ப மாறியிருக்குன்னு எப்படித் தெரியும்? நாங்க வண்டியை சர்வீஸ் பண்ணா, கழட்டின பழைய பார்ட்டைக் கஸ்டமர் கையில கொடுத்துடுவோம். அப்பதான் நம்பிக்கை."

"நியாயம்தான்," என்றார் பெரிய மேடம். "நாலஞ்சு படிச்சுக் காட்டுங்களேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். ஆனால் நாற்பது பேர் காத்திருக்கும்போது ஒருத்தியின் தலையசைப்பு எந்த மூலைக்கு? மேலும், மூடியைத் திறக்க ஆள் வேண்டும் என்றால் அவருக்குக் கை நிற்காது. டேப்பைக் கிழித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை விளிம்பில் வைத்து, சுற்றிலும் நான்கு நெம்பு நெம்பி, மூடி வளையாமல் எடுத்தார். அன்று அந்த மேடையில் முழுத் தேர்ச்சியோடு நடந்த ஒரே காரியம் அதுதான்.

முதல் சீட்டைக் கணீரென்று படித்தார். "'உங்க அக்கா இந்த வயசுல முதல் ரேங்க்.'"

கொஞ்சம் குழம்பினார். உள்குரலுக்கு ஏது அக்கா? அடுத்ததை எடுத்தார்.

"'அழுதா இன்னும் ரெண்டு விழும்.'"

அரங்கில் யாரோ இருமினார்கள்.

"'அப்படியே உங்க அப்பா வீட்டு புத்தி.'" இதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். சிரித்த பிறகு, ஜோடியாக வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

"'நீ வாயைத் திறக்காம இருந்தாலே எனக்குப் பெரிய உதவி.'"

"'உனக்குப் பதிலா ஒரு செடி வளர்த்திருக்கலாம்.'"

"ச்சே," என்றார் பல் டாக்டர் அம்மா, சத்தமாக. "எந்த வீட்டுலங்க இப்படியெல்லாம் பேசுறாங்க? பாவம், யார் பெத்த பிள்ளையோ."

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பக்கத்தில் இருந்த அவர் கணவர் மட்டும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்தேன். எல்லா முகத்திலும் அதே வருத்தம்தான். அந்த அரங்கில் இருந்த நாற்பது பேருக்கும் அந்தச் சீட்டுகளில் அடுத்த வீட்டுக் குரல் நன்றாகக் கேட்டது.

சித்தப்பா இதற்குள் கொஞ்சம் தெம்பாகிவிட்டார். பார்த்தீர்களா, எவ்வளவு மோசமான குரல்களை நான் மாற்றியிருக்கிறேன் என்ற தோரணை. கடைசியாக ஒன்று என்று சொல்லி, டப்பாவின் அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"'டப்பா மண்டை. ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதாடா உனக்கு...'"

அங்கே நின்றார். மீதியையும் சொன்னார், ஆனால் சீட்டைப் பார்த்து இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, குளியலறைக் குரலில், மனப்பாடமாக. "உனக்கெல்லாம் எதுக்குடா ரெண்டு கை."

"டா போட்டிருக்கு. யாரோ பையன்," என்றார் பெரிய மேடம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இந்தப் பையன் வீடு எதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும் மேடம்," என்றார் ஷோரூம்காரர். "கூப்பிட்டுப் பேசணும்."

சீட்டில் பெயர் இல்லை. சித்தப்பா அதை மடித்து டப்பாவில் போட்டிருக்கலாம். இயந்திரம் பக்கத்திலேயே இருந்தது. மெத்தை விற்ற காலத்தில் இதைவிடப் பெரிய விஷயங்களையெல்லாம் சிரித்த முகமாக மடித்து வைத்திருக்கிறார்.

"பையன் இல்ல," என்றார். "என் பொண்ணு எழுதினது."

"நீங்களா?" என்றார் பெரிய மேடம். "உங்க பொண்ணையா இப்படித் திட்டுவீங்க?"

"அவளை ஒரு வார்த்தை திட்டினதில்ல மேடம். என்னைத் திட்டிக்குவேன் போல. தினமும். இப்பதான் எனக்கே தெரியுது." பிறகு கூட்டத்தைப் பார்த்து, மிகவும் இயல்பாக, "நீங்களும் வீட்டுல கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க," என்றார்.

மூன்று மாதத்தில் அவர் கற்பித்த ஒரே உருப்படியான பாடம் அது. யாரும் குறிப்பெடுக்கவில்லை. ஏனென்றால் அந்த நிமிடத்தில் அரங்கமே ஒன்றாக மூச்சு விட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டான், அதுவும் மேடையிலேயே. மற்ற சீட்டுகளைப் பற்றி இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

"சொந்தப் பிள்ளைக்கே இந்த நிலைமைன்னா," என்றார் பல் டாக்டர் அம்மா.

"பிரேக் பிடிக்காத வண்டியில நம்ம பசங்களை ஏத்திவிட்டிருக்கோம்," என்றார் ஷோரூம்காரர்.

திங்கட்கிழமை கடிதம் வரும் என்று பெரிய மேடம் சொன்னார். சொன்னபடி வந்தது.

வீட்டுக்கு நடந்துதான் போனோம். காலி டப்பாவைச் சித்தப்பாவே தூக்கிக்கொண்டார். பொடிசு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தாள். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. மைதானத்துக்கும் அரங்கத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு ஜன்னல்தான்.

"கோவமா அப்பா?"

"இல்லம்மா."

"நீங்கதான் அதே வார்த்தைல எழுதச் சொன்னீங்க."

"ஆமா. சரியாத்தான் எழுதியிருந்த. ஒரு எழுத்து மாறல." அவள் பக்கம் திரும்பினார். "எப்ப கேக்கும் அது உனக்கு?"

"கணக்கு தப்பா போட்டா. தண்ணி பாட்டில் மறந்துட்டா. ஓட்டத்துல கடைசியா வந்தா."

"என் குரல்லயா?"

"ம். உங்க குரல்லதான். ஆனா அதுல நீங்க சிரிக்க மாட்டீங்க."

சித்தப்பா டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு மாற்றிய கையிலிருந்து பழைய கைக்கே மாற்றினார். "அது என் குரல்கூட இல்லம்மா," என்றார். "கடை முதலாளி குரல். பதினோரு வருஷம் அவர்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். நான் வெளிய வந்து எட்டு வருஷமாச்சு. அவர் வேலையை இவ்வளவு நாளா நான் சம்பளம் இல்லாம பாத்துட்டு இருந்திருக்கேன்."

"அவருக்கு யார் சொன்னாங்களாம்?"

"கேக்கணும்," என்றார் சித்தப்பா.

கேட்க வாய்ப்பு வந்தது. சித்தி பேச்சு மாறாதவர். கடிதம் வந்த மறுநாள் காலை, பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் வழியில் சித்தப்பாவைப் பெயிண்ட் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். "வளர்ந்தாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாம்பல் நிறம் கலக்கச் சொல்லி மாதிரிக்கு ஒரு ஓட்டுத் துண்டை நீட்டினாராம். அந்தக் குரல் அவருக்கு யார் கொடுத்தது என்று சித்தப்பா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், அது அடுத்த வீட்டுக் குரல் என்று அந்த நாற்பது பெற்றோரைப் போலவே அவரும் சொல்லியிருப்பார்.

பள்ளியில் புதன்கிழமைப் பீரியட் கையெழுத்துப் பயிற்சிக்கே திரும்பிப் போனது. சுவரிலிருந்த மஞ்சள் சீட்டுகளை வீணாக்க வேண்டாம் என்று கையெழுத்து டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டார். இப்போது பிள்ளைகள் அதிலிருந்துதான் பார்த்து எழுதுகிறார்கள். 'நான் திறமைசாலி' என்பதை எல்லோரும் ஐம்பது முறை எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருப்பவர்கள் நூறு முறை.

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தாள் ஈரத்தில் ஊறி ஒரு நாள் தானாகவே விழுந்தது. யாரும் திரும்ப ஒட்டவில்லை. சித்தப்பாவின் சவரக்கத்தி இன்னும் கீறத்தான் செய்கிறது. சென்ற வாரம் நான் துண்டோடு குளியலறை வாசலுக்குப் போனபோது, பொடிசு வழக்கம்போல வாயில் பிரஷ்ஷோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். உள்ளே "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். இருவரும் காத்திருந்தோம்.

"டப்பா..." என்று ஆரம்பித்த குரல் அங்கேயே நின்றது.

பொடிசு பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னிக்குப் பாதிதான் சொன்னீங்கப்பா," என்றாள் கதவைப் பார்த்து. "சபாஷ்."